வளரட்டும் என்று ஓர் அர்ச்சனை

என் புற்றுநோய்க் கட்டி நன்றாக வளர வேண்டும் என்று என் கணவர் ஜம்பு தில்லி மயூர் விஹார் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். என்னிடம் சொல்லாமல்தான் போனார். ஆனால் இந்த மனுஷருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. விபூதியை நீட்டும்போதே திருதிருவென்று விழித்தார்.

"என்ன வேண்டிண்டேள்?"

"அது வளரணும்னு. வேற வழி தெரியலடி, விஜி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உலகத்துல வேற எந்தப் புருஷனாவது இப்படி வேண்டிப்பானா?"

முழுத் தப்பும் அவர்மேல் இல்லை. ஏற்கெனவே இரண்டு மருந்து ஏற்றியாகிவிட்டது. முடி போயிற்று, நாக்கு செத்தது, கட்டி மட்டும் அசையவில்லை. மூன்றாவதாக எதைக் கொடுப்பது என்று டாக்டருக்கே குழப்பம். அதனால் கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மருந்துகளை முதலில் அதன்மேல் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்கள். ஆராய்ச்சிதான், உத்தரவாதம் கிடையாது. முதல் துணுக்கு வளராமலே போய்விட்டது. இரண்டாவதுதான் கடைசி, இன்னொரு முறை ஊசி குத்தி எடுக்க என் உடம்பு தாங்காது. இதுவும் வளராவிட்டால், மறுபடி எனக்குத்தான் ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஜம்பு தினமும் பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்து ஸ்வப்னாவுக்குப் போன் போட்டார். அமைச்சகத்தில் முப்பது வருஷம் ஃபைல் நகர்ந்ததா என்று விசாரித்த அதே குரல். "வளந்துதாம்மா?" தில்லியில் பிறந்த அந்தத் தமிழ்ப் பெண்ணும் சலிக்காமல், "தோடா தோடா, அங்கிள். கொஞ்சம் கொஞ்சமா வளருது" என்பாள்.

மூன்றாம் வாரம் வரச் சொன்னாள். கம்ப்யூட்டர் திரையில் காட்டினாள். வெந்த ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள்.

"சூப்பரா வளந்திருக்கு, ஆன்ட்டி. டெஸ்டுக்கு இது போதும்."

என்னைக் கொல்லப் பார்க்கிற ஒன்று செழிப்பாக வளர்ந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன். பைத்தியக்காரத்தனம்தான், என்ன செய்ய?

ஜம்பு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மருந்து போட்டா அதுக்கு வலிக்குமாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. அதன்மேலும் கரிசனமா இவருக்கு?

"நஹி நஹி, அங்கிள். அதுக்கு வலியே தெரியாது."

"அச்சா. அப்போ எத்தனை மருந்து இருக்கோ, அத்தனையும் அதுக்கே போட்டுப் பாரும்மா. இவளுக்கு வலிச்சது போதும்" என்றவர், அந்தப் பெண்ணின் முன்னாலேயே அழ ஆரம்பித்தார்.

இந்த மனுஷரையா திட்டினேன் என்று எனக்குத் தாங்கவில்லை.