தோளில் இருந்த கை

அல்பேர்ட்டின் வயிற்றில் மூன்று சிறு துளைகள். கொப்பூழுக்குக் கீழே, சிறுநீரகத்தை வெளியே எடுத்த இடத்தில், ஒரு விரல் நீளக் கோடு. அவ்வளவுதான். கத்தி என்றாலே நடுங்குகிற மனிதன் சட்டையைத் தூக்கி இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான்.

வயிறு அவ்வளவாக நோகவில்லை. வலது தோள்தான் நொந்தது, பின்னால் நிற்கிற ஒருவர் கையை ஊன்றி அழுத்துவது போல.

“கமெரா உள்ளே போக வயிற்றுக்குள் காஸ் வாயு நிரப்பினோம். மிச்சம் தோளில் வலியாகத் தெரியும். மூன்று நாளில் போய்விடும்,” என்றாள் ஜெர்மன் தாதி.

அவன் தலையாட்டினான். ஆனால் அந்தக் கையின் பாரம் அவனுக்குப் பழக்கமானது. மூத்த அண்ணன் அன்ரனுக்குச் சலரோகத்தால், இரத்தத்தில் சீனி கூடி, கண்ணும் சிறுநீரகமும் ஒன்றாகப் போயின. கிழமைக்கு மூன்று நாள் ஆஹென் நகரில், பஸ் தரிப்பிலிருந்து டயலிசிஸ் நிலையம் வரை, அல்பேர்ட்டின் வலது தோளைப் பிடித்தபடிதான் நடப்பார். வீதிச் சமிக்ஞை விளக்கு பச்சையாகி ‘டக் டக்’ என்று ஒலித்ததும் தோளில் இரண்டு தரம் தட்டுவார். போகலாம் என்று அர்த்தம். இதை அல்பேர்ட் எவருக்கும் சொன்னதில்லை.

சிறுநீரகம் தா என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. “வெட்டினா எனக்கு வேலைக்குப் போக ஏலாது அண்ணை,” என்று இவனாகத்தான் முந்திக்கொண்டான். அவர் செத்து நாலு வருடம்.

இப்போது தங்கை கிறிஸ்ரினாவின் முறை. இந்தமுறை அவன் கொடுத்துவிட்டான். கொடுத்தது அவளுக்குள் வேலை செய்யவில்லை. இரண்டு நாளாக அவளுடைய கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை காய்ந்து கிடந்தது. “தூங்குகிறது, எழும்பும்,” என்றார் டொக்டர். எழும்பாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போது அல்பேர்ட்டின் தோள் சட்டென்று இலேசானது. சுவரைப் பிடித்துப் பிடித்துத் தங்கையின் அறைக்குப் போனான்.

கட்டிலோரம் தொங்கிய பையில் பாதிக்கு மஞ்சள் நீர்.

“சின்னண்ணை, எழும்பிட்டுது!” கிறிஸ்ரினா சிரித்தாள். “உங்கட கிட்னி உங்களைப் போலதான். என்ன நித்திரை!”

“உனக்குள்ள வந்துதான் சோம்பல் பிடிச்சது.”

“ஓம், ஓம்.” அவள் வலது தோளைத் தடவினாள். “இதுதான் விடியத் தொடக்கம் நோகுது.”

“அது காஸ், பிள்ளை. போயிடும்.”

“எனக்கு ஆர் காஸ் அடிச்சது? ஓட்டை போட்டது உங்களுக்கு. எனக்கு அடிவயித்தில நேர வெட்டல்லோ.”

அல்பேர்ட்டின் கை தன் வலது தோளுக்குப் போனது.

“ஆரோ இந்தத் தோளில ரெண்டு தரம் தட்டினவை. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்லை. பிறகுதான் சலம் இறங்கினது.”

மூன்று நாள் அந்தக் கை தன் தோளில் இருந்தும் ஒரு சொல் பேசாமல் கிடந்துவிட்டேனே என்று நினைத்தான். கட்டிலைச் சுற்றிப் போய், அவளுடைய தோளுக்குப் பின்னால் இருந்த வெறும் இடத்தைப் பார்த்து நின்றான்.

“அண்ணை,” என்றான். “என்னை மன்னியுங்கோ.”

“ஆரோட கதைக்கிறியள்?” என்ற கிறிஸ்ரினா, தடவிய கையை நிறுத்தினாள்.

“அட, என்ர தோள் நோவு விட்டிட்டுது.”