பெயர்களின் அகலம்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. என் பிழை. பழியை வேறு எதன் மேலாவது போடுவதற்காக முதலில் இப்படித் தொடங்கினேன்:

2008 ஓகஸ்ட். ஓப்பநாயக்கவில் மழை விடாமல் பெய்துகொண்டி

வேண்டாம். அன்று மழை இல்லை.

2

பட்டம் முடித்த கையோடு ஒரு சிறிய சுகாதாரத் திட்டத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் வேலை கிடைத்தது. ஒரு தேயிலைத் தோட்டம், மூன்று கணக்குகள்: மேல், நடு, கீழ். (டிவிஷனைத் தோட்டத்தில் கணக்கு என்போம்.) எந்தக் கணக்கில் எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்று வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா சுப்பம்மாக்கா ஒரு கொப்பியில் குறித்துத் தந்திருந்தார். நல்ல தண்ணீர் தேக்கிவைக்க ஒரே ஒரு தாங்கிதான் வரும். அது எந்தக் கணக்குக்கு என்பதை, தோட்டத்துக் கூட்டத்தில் என் வரைபடம் காட்ட வேண்டும்.

வரைபட மென்பொருள் பட்டைகளைக் கீறியது. பக்கத்தில் பெயர் எழுதும் இடம் வந்ததும் சட்டென்று மூடிக்கொண்டது. ஒவ்வொரு பெயராக நீக்கிப் பார்த்தேன். ஆங்கிலம் என்றால் ஓடியது. "மே" என்று ஒரே எழுத்தைக் கொடுத்தேன், விழுந்தது. எழுதுமுன் பெயரின் அகலத்தை அது அளக்கிறது. தமிழ் எழுத்தை அளக்கப் போய்த்தான் விழுகிறது. எழுத்துருவை மாற்றினேன். அப்போதும் விழுந்தது.

(இந்தப் பத்தியை நீங்கள் தாண்டிப் போகலாம். நான் இரண்டு நாள் தாண்ட முடியாமல் இருந்தேன்.)

ஆங்கிலத்தில் போட்டால் கூட்டத்துக்கு வரும் தாய்மார் வாசிக்க மாட்டார்கள்.

3

அலுவலகத்தில் கணினி தெரிந்தவர் நிலாம் நாநா. (முஸ்லிம் அண்ணனை நாநா என்போம்.)

"தங்கச்சி, உங்கட தமிழ அளக்க அந்த மெஷின்கிட்ட அடிக்கோல் இல்ல. பேர் இல்லாமக் கீறிட்டு, பேனையால எழுதுங்க."

"அசிங்கமா இருக்காதா நாநா?"

"உங்கட கையெழுத்து நல்லம். பேச்சுத்தான் வெளிய வராது."

4

பெயர்களை நீக்கினேன். வெற்றிடத்தை அளக்க மென்பொருளுக்குப் பயமில்லை. படம் வந்தது. இடப்பக்கத்தில் மேலிருந்து எழுதினேன்: மேல்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு.

தோட்டத்தில் எல்லோரும் கணக்குகளை மலை உச்சியிலிருந்துதான் சொல்வார்கள். கொப்பியிலும் அந்த ஒழுங்குதான். ஆனால் படுக்கைப் பட்டைகளை அந்த மென்பொருள் அடியிலிருந்து மேலே அடுக்கும். முதலாவது வரி அடியில் வரும். கீழ்க்கணக்கின் பட்டைக்குப் பக்கத்தில் நான் மேல்கணக்கு என்று எழுதியிருந்தேன்.

எனக்கு அது தெரிந்தி

தெரியும். மறந்துவிட்டேன்.

5

கூட்டத்தில் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை படத்தைப் பார்த்தார்.

"சரி, ஆக நீளமான பட்டை மேல்கணக்கு. தாங்கி அங்கதான்."

சுப்பம்மாக்கா எழுந்தார். "இல்லீங்க தொர. கீழ்க்கணக்குலதான் பதினேழு புள்ளைங்க. மேல நாலே நாலு."

"அப்ப நீ கொப்பியில பிழையா எழுதியிருக்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் படம் தலைகீழாகத் தெரிந்தது. சுப்பம்மாக்கா என் பக்கம் திரும்பினார்.

"புள்ள, நீங்க படிச்சவுங்க. சொல்லுங்க. நா எழுதுனது பிழையா?"

நான் வாயைத் திற

6

இந்த வரியை ஐந்து தடவை எழுதிவிட்டேன். ஒன்றில் நான் எழுந்து தெளிவாகப் பேசுகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஒன்றில் நிலாம் நாநா எனக்காகப் பேசுகிறார். அவர் அன்று கூட்டத்துக்கே வரவில்லை. இன்னொன்றில் ஒன்றும் பேசாமல் போய், எல்லோர் முன்னாலும் பெயர்களை வெட்டி மாற்றி எழுதுகிறேன். அது அழகாக வந்தது. அதனால்தான் கிழித்தேன். அழகாக முடித்தால் என்னை மன்னித்துவிடுவீர்கள்.

மற்ற இரண்டையும் சொல்லமாட்டேன். அவற்றில் ஒன்று நடந்தது.

முடிவை நீங்கள் எழுதுங்கள். என்னைத் துணிந்தவளாக்குங்கள், ஊமையாக்குங்கள், எழுந்து ஓடவிடுங்கள். எப்படியாவது தாங்கி கீழ்க்கணக்குக்குப் போகட்டும். ஆனால் கெதியாக எழுதுங்கள். சுப்பம்மாக்கா இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். பொய் சொன்னவளாக அவரை உட்கார வைத்துவிடாதீர்கள்.