மூணு கண் பாலத்து மாலை

பாலம் இருந்தது. கல்லால் கட்டிய, இன்னும் நூறு வருஷம் நிற்கக்கூடிய பாலம். அதன் அந்தக் கோடியில் மாப்பிள்ளை முத்துக்குமார் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். இந்தக் கோடியில் ரேவதி, தலை நிறையப் பூவோடு. நடுவில் கூப்பிடு தூரம்தான்.

ஆனால் கல்யாணப் பெண் அந்தப் பாலத்தின் மேல் நடக்கக் கூடாது.

கீழே இறங்க வேண்டும். ஓடை மணலில் நடந்து, பாலத்தின் நடு வளைவான நடுக்கண்ணுக்கு அடியில் ஒரு மாலையை வைத்து, கும்பிட்டுவிட்டு, அக்கரையில் ஏற வேண்டும். சின்னமுத்தனப்பள்ளியிலிருந்து அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எல்லாப் பெண்களும் அப்படித்தான் போனார்கள். ஓடையில் கணுக்கால் நனைந்தாலே அதிசயம் என்பதால் யாருக்கும் அது ஒரு சிரமமாகத் தெரிந்ததில்லை.

இன்று அந்த ஓடை செம்மண் நிறத்தில், நடுக்கண்ணின் பாதி உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கர்நாடகா பக்கம் ராத்திரி முழுக்க மழை.

"மழை வந்தா என்ன பண்றதுன்னு பந்தலுக்குத் தகரம் போட்டோம். சமையல்கட்டுக்குத் தார்ப்பாய் போட்டோம். ஜெனரேட்டர் கூட ரெண்டு சொல்லி வெச்சோம்." ரேவதியின் தாய்மாமன் மாதவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இந்த ஓடையில தண்ணி வரும்னு ஒருத்தனுக்கும் தோணலையே!"

"உனக்குத் தோணுச்சா?" என்றார் ரேவதியின் அப்பா கோவிந்தன்.

"எனக்கு எப்படி மாமா தோணும்? நானும் இந்த ஊர்தானே."

சுற்றிப் போகலாம் என்றால், தரைப்பாலம் முழுகிவிட்டது. சானமாவு காட்டு வழியாகப் போகலாம் என்றால், யானைக் கூட்டம் ரோட்டோரம் நிற்கிறதென்று வனத்துறைக்காரர்கள் வண்டிகளை மறித்துவிட்டார்கள். கல்யாண மண்டபம் இருந்ததோ பாலத்தைத் தாண்டிய ராயக்கோட்டை ரோட்டில்.

மாதவனின் போன் அலறியது. மாப்பிள்ளையின் அம்மா ராஜலட்சுமி. விருதுநகர்க்காரி. மகன் ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தபோது கூடவே வந்தவள். பேச்சை மட்டும் ஊரிலிருந்து மாற்றாமல் கொண்டுவந்திருந்தாள்.

"ஏய்யா மாதவா, இன்னுமா கிளம்பல? ஐயரு வந்து உக்காந்துட்டாரு. முகூர்த்தம் தாண்டிருச்சுன்னா யாருய்யா பதில் சொல்றது?"

"ஓடையில தண்ணிங்க அக்கா..."

"பாலந்தான் இருக்குல்ல?"

"பாலம் இருக்குதுங்க. பொண்ணு அதுமேல வரக்கூடாதுங்க."

"பாலத்து மேல வரக்கூடாதுன்னா பொறவு அது எதுக்குய்யா அங்கன இருக்கு?" என்றாள் ராஜலட்சுமி.

மாதவனிடம் அதற்குப் பதில் இருந்தது. போனில் சொல்லத்தான் முடியவில்லை.

தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், பாலத்தை விட்டுவிட்டார்கள். மூன்று வளைவு இருந்ததால் மூணு கண் பாலம். இப்போது பைக்கும் டிராக்டரும் போகின்றன.

அந்த ரயிலில் இந்த ஊரிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி போனதாம். பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாளாம். ரயில் பாலத்தில் ஏறும்போது இருந்தவள், இறங்கும்போது இல்லை. இருக்கையில் அவள் கழுத்து மாலை மட்டும் கிடந்தது. ஓடை அவளை எடுத்துக்கொண்டது என்றார்கள். பெயரையே விட்டுவிட்டு மாலையம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தனக்குக் கிடைக்காத கல்யாணத்தைத் தன் தலைக்கு மேலே ஒருத்தி நடத்திக்கொண்டு போனால் மாலையம்மா பொறுப்பாளா? அதனால்தான் இறங்கி, மாலை வைத்து, அனுமதி வாங்கிக்கொண்டு போவது. மறுநாள் காலையில் அந்த மாலை அங்கே இருக்காது. இல்லாவிட்டால் நல்லது, மாலையம்மா ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம்.

முத்துக்குமார் எதிர்க்கோடியிலிருந்து ஏதோ கத்தினான். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ரேவதியின் போன் அடித்தது.

"ரேவதி, நான் வேணா அங்கன வந்துரவா? அங்கயே தாலிய கட்டிருவோம்."

"உங்கம்மா ஒத்துக்குவாங்களா?"

"அரசாணிக்கால் நட்ட எடத்துலதான் தாலி கட்டணும்னு பிடிவாதமா இருக்கு. சாமிக்கு நேந்துக்கிட்டது. சரி, நீயே நடந்து வந்துட்டா என்ன?"

"நான் வருவேன். எனக்கு இதுல ஒண்ணும் பயமில்ல." ரேவதி அம்மாவைப் பார்த்தாள். "அம்மா சரின்னு சொல்லணும். கம்பெனியில நான் எவ்வளவோ பேரை எதுத்துப் பேசியிருக்கேன். ஆனா எங்கம்மா அழுதுட்டு நிக்கும்போது மணமேடையில வந்து உக்கார மாட்டேன்."

அம்மா வெள்ளையம்மா சரி என்று சொல்வதாக இல்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் குறுக்கே நின்றிருந்தாள்.

"அடுத்த முகூர்த்தத்துக்குப் பாத்துக்கலாம். தண்ணி வடியட்டும்."

"வெள்ளை, நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார் கோவிந்தன். "அவங்க தெக்கத்திக்காரங்க. நம்ம பழக்கம் அவங்களுக்குத் தெரியாது. கல்யாணத்தைத் தள்ளி வெச்சா, பொண்ணுக்கு இஷ்டமில்லன்னுதான் நெனப்பாங்க. அந்தம்மா இன்னொரு தேதி குடுக்குமா?"

"குடுக்கலைன்னா போவுது. எம்பொண்ணு தாலியோட இருக்கணும்."

"தாலியே கட்டாமயா?" என்றான் மாதவன்.

"நீ வாயை மூடு!" வெள்ளையம்மா அதட்டினாள். "மாதேஸ்வரிக்கு நடந்ததைப் பாத்தவதானே நான்? இறங்கித்தான் போனா. மாலை வெச்சுக் கும்பிட்டுத்தான் போனா. அந்த மாலை எடுபடவே இல்ல. நாலு நாளு அங்கயே கெடந்து காஞ்சுது. ஊரே போய்ப் பாத்துட்டு வந்துது. அடுத்த பொங்கலுக்குள்ள அவ புருஷனைக் கொண்டுபோய்ப் புதைச்சோம். முறையாப் போனவளுக்கே அந்தக் கதின்னா, தலைமேல மிதிச்சுட்டுப் போறவளுக்கு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டத்தின் கடைசியில், புளியமரத்துக்குப் பக்கத்தில், மாதேஸ்வரி நின்றிருந்தாள். வெள்ளையம்மாவின் தங்கை. புருஷன் போனபின் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள். ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள். அக்கா மகளுக்குப் புடவை எடுத்ததிலிருந்து பலகாரம் சுட்டது வரை எல்லா வேலையும் அவள்தான் செய்தாள். இன்றைக்கு மட்டும் யாரும் சொல்லாமலே தள்ளி நின்றுகொண்டாள். எடுபடாத மாலைக்காரி என்ற பெயர் அவளுக்கு ஊருக்குள் உண்டு. ரேவதியை அவள் இன்று இன்னும் தொடவில்லை.

"அக்கா."

கூப்பிட்டது ராஜாத்தி. பூக்காரி. மூணு கண் பாலத்து மாலையை அக்கரையில் ராஜாத்தி வீட்டில்தான் வாங்க வேண்டும் என்பதும் ஒரு பழக்கம். ஏனென்று யாருக்கும் தெரியாது. விடியற்காலையிலேயே பாலத்தைத் தாண்டி வந்து, ரேவதிக்குப் பூ வைத்துவிட்டு, மாலைக் கூடையோடு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"மாதேஸ்வரி அக்கா கல்யாணம் தை மாசமா?"

"ஆமா."

"ரேவதி அப்ப பொறந்துட்டாளா?"

"எட்டு மாசம், வயித்துல. அதெல்லாம் இப்ப எதுக்கு உனக்கு?"

ராஜாத்தி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அந்த மாலையை எடுக்கவேண்டியவங்க அந்த வாரம் செத்துப் போயிட்டாங்கக்கா. அதனாலதான் எடுபடல."

"எடுக்கவேண்டியவங்களா? மாலையம்மா எடுப்பா."

"அவங்களத்தான் சொல்றேன்."

மாதவன் இடையில் புகுந்தான். "ஏம்மா ராஜாத்தி, நீ வேற! மாலையம்மா செத்தது வெள்ளைக்காரன் காலத்துல."

"யாரு சொன்னது? ரயிலு பாலத்துல ஏறும்போது ஆளு நடக்கற வேகத்துலதான் போகுமாம். ஆம்பளைங்க இறங்கி, பீடி பத்த வெச்சுக்கிட்டு, ஓடிப்போய் ஏறிக்குவாங்களாம். மாலையம்மாவும் இறங்குனாங்க, அந்தப் பக்கக் கதவு வழியா. ஏறல, அவ்வளவுதான். மாலை காலைத் தடுக்கும்னு கழட்டி வெச்சுட்டு இறங்குனாங்க. நடுக்கண்ணுக்கு அடியில ஒளிஞ்சிருந்தாங்க. மாப்பிள்ளைக்கு அது மூணாவது கல்யாணம். இவங்களுக்குத் தண்டவாளம் போடற கேங்குல இருந்த ஒரு ஆளைப் பிடிச்சுப் போச்சு. அந்த ஆளு எங்க தாத்தா."

ராஜாத்தி வெள்ளையம்மா பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பாவைப் பெத்தவங்கக்கா உங்க மாலையம்மா. ஏழு புள்ளைங்க. வெத்தலை போடாம இருக்க மாட்டாங்க. சாமியும் இல்ல, பீடையும் இல்ல. மூக்குக்கு மேல கோவம் வரும், அது மட்டும் நெசம்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்றார் கோவிந்தன்.

"எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியுமே! உங்க பக்கம்தான் யாரும் கேக்கல. அவங்க அண்ணன்மாரு இருந்த வரைக்கும் வந்திருந்தா வெட்டிப் போட்டிருப்பாங்க. அண்ணன்மாரு போய்ச் சேர்றதுக்குள்ள நீங்க இவங்களைச் சாமியாக்கிட்டீங்க. சாமியாயிட்டவங்க எப்படிங்க பொறந்த ஊட்டுக்கு வந்து நிக்கறது?"

மாதவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"சிரி மாமா, எங்க ஊட்லயும் சிரிப்போம்," என்றாள் ராஜாத்தி. "மொத மாலை வெச்சது அவங்க கூட விளையாடின புள்ள. அவங்க அக்கரையில மாடு மேச்சுக்கிட்டே பாத்துட்டு இருந்தாங்களாம். எல்லாரும் போனப்புறம் இறங்கிப் போய் எடுத்துக்கிட்டாங்க. எனக்குன்னு வெச்சதை நான்தானே எடுக்கணும்னு சொல்லுவாங்க. அப்புறம்தான் பூ கட்டவே ஆரம்பிச்சாங்க. மாலை வாங்க வர்றவங்ககிட்ட, யாரு வூட்டுக் கல்யாணம், யாரு பொண்ணுன்னு கேட்டுக்குவாங்க. பொறந்த ஊரு சேதி அவங்களுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

மாதேஸ்வரி புளியமர நிழலை விட்டு மெல்ல வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. ராஜாத்தியின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப அவங்க என்னை வேண்டாம்னு சொல்லலையா?"

"ஐயோ அக்கா!" ராஜாத்தி அவள் கையைப் பிடித்தாள். "உன் மாலைக்கு அடியில தொங்கற செண்டை அவங்கதான் கட்டுனாங்க. காச்சலோட உக்காந்து கட்டுனாங்க. நீ கல்யாணமாகி எங்க வாசல் வழியாத்தான் போன. அன்னிக்குச் சாயங்காலம் படுத்தவங்க எந்திரிக்கல. எங்களுக்குச் சாவு வூட்டுல மாலை ஞாபகமே வரல. அஞ்சாம் நாளு நான்தான் போய் எடுத்தேன். அதுக்கப்புறம் இந்த ஊரு மாலை ஒண்ணைக்கூட நான் விட்டதில்ல."

மாதேஸ்வரி அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், யாரோ விலாசம் சொல்லிக் கேட்டுக்கொள்வதைப் போல.

"எம்புருஷன் பைக்ல கண்ணு மண்ணு தெரியாமப் போவாரு," என்றாள் பிறகு. "நான் சொன்னா யாரும் கேக்கல. மாலைதான் காரணம்னாங்க."

வெள்ளையம்மா தங்கையைப் பார்த்தாள். அந்த நாலு நாளும் தினம் காலையில் மாலை எடுபட்டதா என்று முதல் ஆளாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஊருக்குச் சொன்னது அவள்தான். அது மாதேஸ்வரிக்கும் தெரியும்.

மாதவனின் போன் மறுபடி அலறியது. யாரும் எடுக்கவில்லை.

வெள்ளையம்மா கைப்பிடிச் சுவரிலிருந்து விலகினாள். "ராஜாத்தி, பொறந்த ஊருக்கு வரணும்னு அவங்க எப்பவாவது கேட்டாங்களா?"

"கேக்கல. ஆனா பதினெட்டாம் பெருக்குக்கு அந்தக் கோடியில வந்து நிப்பாங்க. பாலத்து மேல கால் வெக்க மாட்டாங்க. கூட்டிட்டுப் போக ஒருத்தர் வரணும்ல, அப்படின்னுவாங்க."

வெள்ளையம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மாதேஸ்வரி, ரேவதி கையைப் பிடி."

"நானா? வேண்டாங்கா. அவங்க வூட்டுக்காரங்க அந்தக் கோடியில நிக்கறாங்க."

"நின்னா நிக்கட்டும். நீ முன்னால நட. நான் பின்னாடி வரேன்."

மாதேஸ்வரி ரேவதியின் கையைப் பிடித்தாள். ராஜாத்தி கூடையிலிருந்த மாலையை எடுத்து ரேவதியின் மறுகையில் கொடுத்தாள். நடக்க ஆரம்பித்தார்கள். ரயில் போன வழியில், சின்னமுத்தனப்பள்ளியிலிருந்து முதல் முறையாக ஒரு கல்யாணப் பெண். பின்னால் ஊர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றது. கோவிந்தன் காலெடுத்து வைத்ததும் எல்லோரும் நகர்ந்தார்கள்.

நடுக்கண்ணுக்கு மேலே வந்ததும் ரேவதி நின்றாள்.

"மாலையை எங்க வெக்கறது? கீழ போட்டா தண்ணி அடிச்சுட்டுப் போயிரும்."

ராஜாத்தி கூடையை நீட்டினாள். "இதுல போடு கண்ணு. நாளைக்கு எப்படியும் நான்தானே வந்து எடுக்கணும்."

மாதவன் வாய்விட்டுச் சிரித்தான். இந்த முறை வெள்ளையம்மா அவனை அதட்டவில்லை. ரேவதி மாலையைக் கொடுக்கப் போனாள். மாதேஸ்வரி அதைத் தன் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, அவளே கூடையில் வைத்தாள்.

"எடுத்துக்க," என்றாள்.

"எடுத்துக்கிட்டேங்கா," என்றாள் ராஜாத்தி.

மண்டபத்திலிருந்து எதிர்க்கோடிக்கே வந்துவிட்டிருந்த ராஜலட்சுமி, மகனை ஒதுக்கிவிட்டு இரண்டு எட்டு பாலத்தின் மேலேயே வந்துவிட்டாள். பெண்ணின் கையைப் பிடித்து வருகிறவளின் வெறும் நெற்றியையும் கழுத்தையும் ஒரு தடவை பார்த்தாள். வெள்ளையம்மா வேகமாக முன்னால் வந்தாள்.

"என் தங்கச்சி. ரேவதிக்குச் சின்னம்மா. இவதான் எம்பொண்ணைக் கூட்டிட்டு வந்து குடுப்பா."

ராஜலட்சுமி யோசித்தது மூச்சு விடும் நேரம்தான்.

"அப்படின்னா பிடிச்ச கையை விடாம மேடை வரைக்கும் வா தாயி. ஐயரு கத்திக்கிட்டு இருக்காரு."