பியானோவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா

தடதடவுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த மாடிப்படியால்தான். சேர்ந்திசைக் குழுவின் ஒத்திகை அறை இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவாள், மும்மூன்றாக இறங்குவாள். வழியில் இடியண்ணன் எதிர்ப்பட்டால், "ஓரம், ஓரம்! பல்லக்கு வருது!" என்று கத்திவிட்டுப் பறப்பாள். அடிக்குரல் பாடும் இடியண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலி படிக்கட்டடியில் நிற்க, பேக்கரிக்காரரும் நீச்சல் பயிற்சியாளரும் அவரைத் தூக்கி வருவார்கள். கொடுத்து வைத்த மனுஷன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

போன மாதம் ஒரு நாள், நான்கு படியைத் தாண்டிப் பார்த்தாள். இப்போது வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு. கட்டுக்குள்ளே, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எந்தக் குச்சிக்கும் எட்டாத ஓர் இடத்தில் ஓயாத அரிப்பு. அவளுக்கும் பல்லக்கு வாய்த்தது.

ஏறிய பிறகுதான் தெரிந்தது, பல்லக்கில் போவது ராணியில்லை, அலமாரி என்று. அக்குளில் ஒரு கை, முழங்காலடியில் ஒரு கை. கண்ணுக்குத் தெரிவது கூரையும் பேக்கரிக்காரரின் மூக்குத் துவாரமும். தூக்குகிறவர்கள் அவள் தலைக்கு மேலே கால்பந்து பேசிக்கொண்டு வருவார்கள்.

இன்றைக்குக் கச்சேரி. மூன்று வருடம் பின்வரிசையில் நின்றவளுக்கு முதல் தனிப்பாட்டு, நான்கே வரி. கடைசி ஒத்திகை முடிந்ததும் யாரோ "வேன் வந்தாச்சு!" என்று கத்த, உதறிய சாக்குபோல அறை காலியானது. பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார் என்று பேக்கரிக்காரரும், பேக்கரிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று பயிற்சியாளரும் ஏறிவிட்டார்கள். ஒத்திகைக்கு முன் பாட்டு மாஸ்டர் வாங்கி வைத்த போன்களும் கூடையோடு வேனில் போய்விட்டன.

"அண்ணா, நம்மளை மறந்துட்டாங்க!"

"ஆமா." இடியண்ணன் பியானோவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில், சீட்டுக்கட்டு, ஒரு போர்வை. "கிரீம் வெச்சதா, உப்பு போட்டதா?"

"இதெல்லாம் எப்ப வெச்சீங்க?"

"மூணாவது தடவை மறந்தப்ப. போர்வை மட்டும் அஞ்சாவது."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கணம் அழுகையும் வந்தது. பிஸ்கட் அதற்கும் இதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"நீ உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கிடலாம்மா. கீழ டாக்ஸி பிடி. இல்லேன்னா உன் பாட்டு போயிடும்."

அதுவும் சரிதான். மாவுக்கட்டுக் காலை நீட்டி, கையூன்றி, முதல் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டாவது. மூன்றாவது. மேலே டப்பா மூடும் சத்தம் கேட்டது. சீட்டுக்கட்டைக் குலுக்கும் சத்தம். ஒற்றை ஆளாக ஆடப் போகிறார்.

அவள் பின்பக்கமாகவே ஏறி வந்தாள்.

"என்னாச்சு?"

"கட்டு பிரிச்சப்புறம் நானும் மறந்தாலும் மறப்பேன் அண்ணா. இன்னிக்காவது சேர்ந்து போவோம்."

"தத்துவம் பேசாதே, ஜன்னலைத் திற."

எதிர்வீட்டு வாசலில் சாமான் ஏற்றுகிறவர்கள் ஓர் அலமாரியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள், போக்குவரத்துச் சத்தம் விழுங்கிவிட்டது. அவள் மூச்சை இழுத்து, தன் நான்கு வரி மெட்டிலேயே எடுத்தாள்: "அலமாரி தூக்கும் அண்ணாமாரே, கொஞ்சம் அண்ணாந்து பாருங்களேன்!" இடியண்ணன் அடிக்குரலில் "பாருங்களேன்... ன்... ன்..." என்று உருட்டினார். கண்ணாடி அதிர்ந்தது. தெருவே அண்ணாந்தது.

பட்டைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவிபோல இருந்த அக்கா இடியண்ணன் முன்னால் குந்தினாள். "அலமாரின்னா எங்க பிடிக்கணும்னு எங்களுக்குத் தெரியும். உங்களை எங்க பிடிக்கட்டும் சார்?"

அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதோ. இடியண்ணன் மெல்லச் சொன்னார்: "முதுகுக்குக் கீழ. அக்குள்ல வேண்டாம், கூசும்."

இத்தனை வருடமும் கூசியிருக்கிறது!

லாரியில் அலமாரிக்கும் மெத்தைக்கும் நடுவே, சக்கர நாற்காலியைக் கயிற்றால் கட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் "ஓரம், ஓரம்!" என்று இருவரும் கத்திக்கொண்டே போனார்கள்.

அரங்கில் திரை விலகியிருந்தது. அவளில்லாமல் தொடங்க மாஸ்டர் கையைத் தூக்கிவிட்டார். கதவு திறந்ததும் பேக்கரிக்காரர் வியர்த்து ஓடி வந்தார். "இவன் தூக்கிட்டான்னு நான் நெனச்சேன்..."

"நொண்டிச் சாக்கு சொல்ல எனக்குத்தான்யா உரிமை," என்றார் இடியண்ணன். முன்வரிசை சிரித்தது.

பேக்கரிக்காரரும் பயிற்சியாளரும் கையை நீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். மேடைக்கு ஐந்தாறு படிகள்.

"தொடாதீங்க. முதல்ல கேளுங்க," என்றாள் தடதட.

பயிற்சியாளர் விழித்தார். "எங்க... எங்க பிடிக்கணும் அண்ணா?"

"எங்கயும் வேண்டாம். நீங்க எல்லாரும் கீழ வாங்க," என்றார் இடியண்ணன்.

மாஸ்டர் ஒரு கணம் மேடையைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், முதல் ஆளாக இறங்கினார். பின்னாலேயே குழு முழுவதும் திமுதிமுவென்று இறங்கிச் சக்கர நாற்காலியைச் சுற்றி நின்றது. சாமான்காரர்கள் கடைசி வரிசையில் கயிற்றோடு உட்கார்ந்தார்கள்.

அவள் ஊன்றுகோலில் சாய்ந்து தன் நான்கு வரியைத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் இடியண்ணன் பக்கத்திலிருந்து அடிக்குரலைச் சேர்த்தார். அது மரத்தரையில் இறங்கி, மாவுக்கட்டில் ஏறி, எந்தக் குச்சிக்கும் எட்டாத அந்த ஓரிடத்தைச் சுகமாகச் சொறிந்துவிட்டது. மூன்றாவது வரியை அவள் சிரித்துக்கொண்டே பாடினாள்.