மணவூருக்குப் போன மூவர்

1

இந்தக் கதை என் அத்தை பிரேமகுமாரியிடமிருந்து கிடைத்தது. திருத்தணியில் ஒரு திருச்சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பார்க்கப் போனபோது, "எங்க ஹலீனாம்மாவப் பத்தி எழுதுடா" என்றார். அந்த 'எங்க'தான் என்னை எழுத உட்காரவைத்தது. போன வருஷம் வரை அங்கே யாரும் அப்படிச் சொன்னதில்லை.

முதல் தொடக்கம்: 'போலந்தின் பனியை எண்ணியபடி சன்னலோரம் அமர்ந்திருந்த அந்த மூதாட்டி...'

வேண்டாம். அவரையே கேட்டேன். "பனியா? காலு வெறச்சிப்போவும். அதப் போயி யாரு நெனப்பா?" என்றார்.

(தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுகிறவராகத்தான் முதலில் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். போலந்துக்குப் படிக்கப் போன மணவூர் காலேப்பைக் கட்டிக்கொண்டு வந்து, ஐம்பது வருஷமாக இந்தப் பக்கம் குடித்தனம் செய்தவர். என்னைவிட நன்றாகப் பேசுகிறார்.)

2

காலேப் இறந்தார். பிள்ளைகள் இல்லை. ஹலீனா இல்லத்துக்கு வந்தார். அங்கே யாரும் கெட்டவர்களில்லை, மரியாதைதான் தொல்லை. அவர் வந்ததும் பேச்சு நின்றுவிடும். அவர் தட்டுக்கு மட்டும் ஸ்பூன் வரும். 'வெள்ளைக்காரம்மா' என்பார்கள். ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனார். அதன்பின் தினமும் அப்படியே.

3

கல்லறைத் திருநாள் வந்தது. கத்தோலிக்கரான ஹலீனா கணவருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற மணவூர் போக வேண்டும் என்றார். "மழை விடட்டும்மா" என்றார் வார்டன் ஜெமிமா. ஹலீனா பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்.

கேட்டருகே, அதே இல்லத்தில் இருக்கும் ஞானம்மாள். கல்லறையில் விளக்கு வைப்பதே தப்பு என்று நினைக்கும் பழைய புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பம்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"எங்க ஊட்டுக்காரரப் பாக்க."

"தனியாவா? மழைல வுழுந்து வெச்சா?"

"வுழுந்தா எழுந்துக்கறேன்."

[ஞானம்மாள் மனம் இளகியதற்குக் காரணம் சொல்லி இங்கே ஒரு பத்தி இருந்தது. படித்தபோது பொய்யாகப் பட்டது. எடுத்துவிட்டேன்.]

வார்டனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. "இரு, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினார்.

பின்னாலேயே குடையோடு பங்காரு. விவசாயி, அந்த இல்லத்தின் ஒரே இந்து. ஜெபப் பாட்டு தொடங்கினால் தோட்டத்தில் போய் நின்றுகொள்வார். "ரெண்டு பேரும் நனைஞ்சிகினா போவீங்க? கொடையாவது புடிக்கறேன்."

4

லோக்கல் ரயிலில் மணவூர். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு. தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. பங்காரு குடையைத் தரையோடு சாய்த்தார். ஞானம்மாள் குனிந்து இரண்டு கைகளையும் குவித்து மறைத்தார். திரி பற்றியது.

ஹலீனா இன்னொரு மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி, வெறும் தரையில் நட்டார்.

"அது யாருக்கு?" என்றார் ஞானம்மாள்.

"எங்கம்மாவுக்கு. கல்லற தூரத்துல இருந்தா, இப்டி வெப்போம் எங்க ஊர்ல."

ஞானம்மாள், "எம் புள்ள சாம் கப்பல் வேலைக்குப் போனான். ஒடம்பு கூடக் கெடைக்கல. எனக்கொண்ணு குடு" என்று கையை நீட்டினார்.

அவர் ஏற்றி முடிக்கும்வரை காத்திருந்த பங்காரு தொண்டையைச் செருமினார். "நாங்க பொதைக்க மாட்டோம், எரிச்சிடுவோம். எம் பொஞ்சாதிக்குக் கல்லறன்னு ஒண்ணு கெடையாது. வெக்கலாமாங்க?"

"ஆங், வைங்க நைனா" என்றார் ஹலீனா.

5

திரும்பி வந்ததும் ஜெமிமா அழுதுகொண்டே திட்டினார். மறுநாள் காலை ஞானம்மாள் ஹலீனாவின் அறைக்குப் போய், "எழுந்து வா, ஒனக்கோசரம் எல்லாரும் காத்துகினு கீறோம்" என்றார். ஹலீனா போனார். இப்போது சாப்பாட்டு மேசையில் அவரோடு சண்டை போடவும் ஆள் இருக்கிறது. இந்த வருஷம் மணவூருக்கு வேன் பேசியிருக்கிறார்கள். அத்தையும் போகிறார்.

சுடர்கள் அணையாமல் நின்றன என்று முடித்து, ஹலீனாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"பொய் எழுதாத. நாங்க கல்லறத் தோட்டத்துக் கேட்டத் தாண்டறதுக்குள்ள மழ அணைச்சிடுச்சி. அதுக்கின்னா? ஏத்தனோம் இல்ல?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பையில் ஒரு மெழுகுவர்த்தி மிஞ்சியிருந்ததாம். யாருக்கு என்று மூவருமே சொல்லவில்லை. நான் கற்பனை செய்து பார்த்தேன், ஒரு பெயரும் எழுதினேன், அடித்துவிட்டேன். அது என் வீட்டில் இறந்துபோன ஒருவரின் பெயர். இந்த இடத்தில் எழுத உங்களிடம் ஒரு பெயர் இருக்கும்.