லாம்ப்ரோவின் சாட்சிகள்

ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கும்போதுதான் லாம்ப்ரோ அதைப் பார்த்தார். பாறையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பட்டை, கை அகலத்துக்கு. கொஞ்சம் தள்ளி இன்னொரு பாறையிலும் அதே. கணவாயில் தொடங்கிய கோடு அவருடைய நாற்பது ஒலிவ மரங்களுக்கு நடுவே புகுந்து கடற்கரை வரை போயிருந்தது.

கூட்டுப் பண்ணையைக் கலைத்தபோது அவர் பங்குக்கு வந்த மரங்கள் அவை. அதற்கு அத்தாட்சியாக இருப்பது கையால் எழுதிய ஒரே ஒரு தாள், அதிலும் பாதியை எலி தின்றுவிட்டது. நில அலுவலகத்தில் மூன்று தடவை போய் நின்றார். சாட்சி கொண்டா என்றார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் கல்லறையில் கிடக்கிறார்கள், மற்றவர்கள் கிரேக்கத்தில் கூலி வேலை பார்க்கிறார்கள். ஊரில் மிச்சம் இருப்பது பக்கத்து வீட்டுத் தோடோ மட்டும். இவருக்குச் சாட்சி சொல்வதைவிட அவன் ஊமையாகவே இருந்துவிடுவான்.

இந்த நிலைமையில்தான் பெயிண்ட் வந்திருக்கிறது. பெயிண்ட் என்றால் என்னவென்று லாம்ப்ரோவுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் இவர் வயலில் ஒரு முளைக்குச்சி அடித்துச் சிவப்பு பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அங்கே கான்கிரீட் பதுங்குகுழி முளைத்தது. சண்டை என்னவோ வரவேயில்லை. இப்போது அதில் ஆட்டுக்குட்டிகள் படுக்கின்றன.

கடலுக்கு நடந்து போகிறவர்களுக்கு வழி காட்டப் போட்டிருப்பார்கள் என்றாள் மனைவி பொலிக்சேனி.

"நடக்கறதுக்கு எதுக்குடி பெயிண்ட்? எழுபது வருஷமா நான் பெயிண்ட் இல்லாமத்தானே நடக்கறேன்? ஓட்டல் கட்டப் போறான்."

அன்றைக்கே ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்துத் தன் நிலத்துக் கோடுகளை எல்லாம் பூசி மறைத்தார். கதவுக்கு அடித்த சிவப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வீணாக்குவானேன் என்று தன் வீட்டுக்கு எதிரே உள்ள ஊற்றடியில் தொடங்கித் தோடோ வீட்டு வாசல் வரை அதே சிவப்பு வெள்ளையில் புதுக் கோடு இழுத்துவிட்டார். ஓட்டல் வந்தால் அவன் தலையில் வரட்டும்.

இரண்டு நாள் கழித்துத் தோடோ வாசலில் இருந்து புறப்பட்ட ஒரு கோடு லாம்ப்ரோ வாசலில் வந்து முடிந்திருந்தது. ஊற்றடியில் இருவரும் சந்தித்தபோது இரண்டு ஜோடி பூட்ஸிலும் சுண்ணாம்பு. மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதுகில் மூட்டை, இரண்டு கையிலும் கோல். கோட்டைப் பிடித்து வந்தால் லாம்ப்ரோ வீடு, அங்கிருந்து தோடோ வீடு, அங்கிருந்து மறுபடி லாம்ப்ரோ வீடு. வாசலுக்குள் கால் வைத்தவன் விருந்தாளி. காபி குடித்து முடிக்கும்வரை எதற்கு வந்தாய் என்று கேட்கக் கூடாது. சாப்பிடாமல் அனுப்பக் கூடாது, காசைத் தொடவே கூடாது. இதெல்லாம் லாம்ப்ரோ போட்ட சட்டம் இல்லை, அவரால் மாற்றவும் முடியாது. பொலிக்சேனி காபியும் ராக்கிச் சாராயமும் ஆட்டுப்பால் சீஸும் அத்திப்பழ ஜாமும் கொண்டு வந்து வைப்பாள். அவர்கள் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் தோடோ வீட்டு விருந்தையும் முடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி வருவார்கள். இப்போதுதானே தின்றாய் என்று விருந்தாளியிடம் சொல்ல முடியுமா? மறுபடி மேசை போட வேண்டியதுதான். டென்மார்க்கில் இருந்து வந்த ஒரு நெட்டைத் தம்பதி ஒரே நாளில் ஐந்து பந்தி பார்த்தார்கள். ஐந்தாவது பந்தியில் புருஷன் முசுக்கொட்டை மரத்தடியில் குறட்டை விட்டுத் தூங்கிப் போனான்.

வந்தவர்களின் பாஷை லாம்ப்ரோவுக்குத் தெரியாது. ஆனாலும் சும்மா விடவில்லை. ஒவ்வொருவரையும் தோப்புக்கு இழுத்துக்கொண்டு போய் மரத்தைக் காட்டுவார், தன் நெஞ்சில் குத்துவார், "லாம்ப்ரோ" என்பார். அவர்கள் வாயால் "லாம்ப்ரோ" என்று சொன்ன பிறகுதான் கையை விடுவார்.

சீஸ் பீப்பாயில் அடி தெரிய ஆரம்பித்தது.

"ஓட்டல் வரும் வரும்னு பயந்தியே, வந்துடுச்சு பாரு," என்றாள் பொலிக்சேனி. "நீதான் முதலாளி. நான் சமையக்காரி."

ஒரு நாள் காலையில் வ்லோரா பட்டணத்தில் இருந்து பிளெரினா என்ற பெண் தனியாக வந்தாள். அவள் பையில் பெயிண்ட் டப்பா துருத்திக்கொண்டிருந்தது. கோடு போட்டவள் இவள்தான் என்று லாம்ப்ரோவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்வது, காபி ஆகட்டும். அவள் நிதானமாகக் குடித்தாள். கண் மட்டும் சுண்ணாம்பு படிந்த அவர் பூட்ஸ் மேலேயே இருந்தது.

"குடிச்சாச்சு பெரியப்பா. இப்ப நீங்க கேக்கலாம்."

"எந்த ஓட்டல்காரன் உன்ன அனுப்புனான்?"

ஓட்டலும் இல்லை, ஒன்றும் இல்லை, மலை ஏறுகிறவர்களின் சங்கம் என்றாள். "மூணு மணி நேர வழி பெரியப்பா. உங்க புண்ணியத்துல மறுநாள்தான் கடலப் பாக்கறாங்க, அதுவும் ரெண்டு கிலோ எடை கூடி. உங்களுக்குப் பிடிக்கலன்னா பரவாயில்ல. வழிய அந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் மாத்திடறோம்."

லாம்ப்ரோவுக்கு மூச்சு வந்தது. தொலையட்டும். புது வழியைக் காட்ட அவள் ஒரு வரைபடத்தை விரித்தாள். நம்பாமல் குனிந்து பார்த்தார். கடலுக்கு மேலே பச்சைப் புள்ளிகள், பக்கத்தில் அச்செழுத்து. விரல் வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். லாம்ப்ரோவின் மரங்கள்.

"இத யாரு போடச் சொன்னா?"

"நடந்து வந்தவங்கதான். மலை பேரக் கேட்டா முழிக்கறாங்க, ஊரு பேரு தெரியல. மரம் யாருதுன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியுது."

லாம்ப்ரோ விரல் விட்டு எண்ணினார். விரல் போதவில்லை. முப்பது பேருக்கு மேல் வந்துபோயிருப்பார்கள். ஒருத்தர்கூட இன்னும் கல்லறைக்குப் போகவில்லை.

"வழிய மாத்தாத," என்றார்.

சுண்ணாம்பை அவரே சுரண்டினார். பிளெரினா கை அகலத்துக்குப் போட்ட கோட்டை இவர் கதவு அகலத்துக்குப் போட்டார். தோடோ சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, தன் மாதுளைக்கும் பேர் போடுவார்களா என்று கேட்டான். மழை வரும் போலிருக்கிறது என்றார் லாம்ப்ரோ.

அதற்கப்புறம் வாசலில் ஒரு நோட்டு தொங்கியது. காபி முடிந்ததும் ஒவ்வொருவரும் எழுத வேண்டும்: இந்த மரங்கள் லாம்ப்ரோவுடையவை. நோட்டு நிறைந்ததும் நில அலுவலக மேசையில் கொண்டுபோய்ப் போடுவதாகத் திட்டம். எட்டுப் பக்கம் நிறைந்தபோது பொலிக்சேனி புரட்டிப் பார்த்தாள்.

"ஒரு எழுத்தும் புரியல. தோடோ மரம்னு எழுதியிருந்தா என்ன பண்ணுவ?"

அன்று லாம்ப்ரோ சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வந்த பிரெஞ்சுக்காரி பேனாவை எடுத்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பென்சிலை நீட்டினார். மரத்தைக் காட்டினார், தன்னைக் காட்டினார், நோட்டைக் காட்டினார். அவள் புரிந்துகொண்டு வரைந்தாள். மலை, கடல், நடுவில் மரங்கள், மரத்தடியில் இடுப்பில் கை வைத்து முறைக்கிற ஒரு கிழவன். லாம்ப்ரோ படத்தை வாங்கி, மரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பத்தெட்டுதான் இருந்தது, இரண்டு குறைந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு காபி போடு என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.