மிலான் கோயில் வாசலில் செருப்பு

"ஏங்க, ஃபோனை இந்தப் பக்கம் திருப்புங்கன்னு..."

"பொறு, கோபுரத்தைப் பாத்துக்கிட்டு..."

"கோபுரம் ஓடியா போவும்? பிள்ளை மொகத்தைப் பாக்கணும்!"

"மொகத்தைத்தான் தெனமும் பாக்கியே!"

தூத்துக்குடியில், உப்புக் கடையின் மத்தியான வெக்கையில், வீரபாகுவும் வடிவம்மாளும் ஒரே செல்போனுக்கு மல்லுக்கட்டினார்கள். ஃபோனுக்குள், இத்தாலியில், மிலான் நகரத்துப் பெரிய மாதா கோயில் வாசலில் மகள் பானுப்ரியா நின்றாள். படிக்கப் போனவள், அங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்டாள். ஆறுமுகநேரி மாப்பிள்ளை வீட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு மகள் வாயிலிருந்து 'சரி'யைப் பிடுங்காமல் விடுவதில்லை என்றுதான் வடிவம்மாள் உட்கார்ந்தாள். ஆனால் அந்தக் கட்டடம் அவளையும் இழுத்துவிட்டது.

"கூரு கூரா எத்தனை கோபுரம் ஏளா! பனங்காட்டுக்கு வெள்ளையடிச்ச மாதிரி. உச்சியில மின்னுதது யாரு?"

"மாதாம்மா. கட்டி முடிக்க அறுநூறு வருசம் ஆச்சாம்."

"நம்ம மாடி கட்டுன கொத்தனாரா இருப்பான்" என்றார் வீரபாகு.

"நீங்க சும்மா இருங்க. ஏளா, நீ ஒரு பதில் சொல்லவும் அறுநூறு வருசம் ஆவுமா? ஆறுமுகநேரிக்காரங்க கேக்காங்க."

"உள்ள போயிட்டுப் பேசுதேம்மா."

"நில்லு. கால்ல என்ன?"

"ஷூ. இங்கன யாரும் கழட்ட மாட்டாங்க."

"மாதா கோயிலுக்கு நாம என்னைக்குச் செருப்போட போனோம்? கழட்டு."

"காவலுக்கு நிக்கவன் மொறைக்கான்மா."

"மொறைச்சா மொறைக்கட்டும். கழட்டிட்டியான்னு காட்டு."

வாசலைத் தாண்டி உள்ளே போனதும் படம் தரைக்கு இறங்கியது. பூப்போட்ட பளிங்கில் பானுவின் வெறுங்கால்கள். அவற்றை ஒட்டி இன்னும் இரண்டு கால்கள். பெரியவை, ரோமம் படர்ந்தவை. ஒன்று வெறுங்கால், மற்றதிலிருந்து ஒரு கை அவசரமாக சாக்ஸை உருவிக்கொண்டிருந்தது.

சட்டென்று படம் கூரைக்குப் பாய்ந்தது.

"ஏ யப்பா, அந்த ஜன்னல் கண்ணாடியைப் பாரு! எத்தனை நெறம்!" வீரபாகு வாயைப் பிளந்தார்.

"எல்லாம் பைபிள் கதைப்பா, ஒவ்வொரு துண்டா ஒட்டி…" பானு மூச்சுவிடாமல் பேசினாள். கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னாள்.

வடிவம்மாள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. புருசன் கையிலிருந்து ஃபோனை மெதுவாக வாங்கினாள். அவர் காதுக்கு எட்டாதபடி கடைவாசலுக்கு நகர்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"பானு, நான் சொன்னதும் செருப்பைக் கழட்டுதாரே, அந்தத் தம்பிக்குத் தமிழ் தெரியுமா ஏளா?"